ரிப்பேர் என்று தொடங்கிய மாடி

அதியன்னூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு என்ன வயது என்று கேட்டால் ஒரே எண்ணாகப் பதில் வராது. அடுக்களையும் அதை ஒட்டிய சாய்ப்பும் தாத்தா காலத்தவை. அங்கே இன்னமும் கழுக்கோலும் ஓடும்தான். நடுக்கூடம் அப்பா கல்ஃபுக்குப் போன பிறகு வார்த்தது. முன்னால் இரண்டு தூண் வைத்த சிட் அவுட், அக்கா கல்யாணத்துக்கு முன்பு அவசரமாக எழுந்தது. படிக்கட்டும் மேலே ஒரு அறையும் தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது வந்தன. அதற்கும் மேலே, மட்டுப்பா என்கிற மொட்டைமாடி ஒழுகுகிறது என்று இரும்புக் குழாய் நட்டுப் போட்ட ஷீட் கூரை. இது குறிப்பிட்ட ஒருவரின் வீடு அல்ல. நெல்லிமூட்டிலோ வெண்பகலிலோ எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் இப்படி ஒன்றிரண்டு வீடுகள் கண்ணில் படும்.

சட்டப் புத்தகத்தில் இருக்கும் வீடு வேறு மாதிரியானது. அதற்கு ஒரு வரைபடம், ஒரு அனுமதி, ஒரு நிறைவுச் சான்று, ஒரு நம்பர். ஒருநாள் தொடங்கி ஒருநாள் முடிந்துவிடுகிறது. நம் வீடுகளோ முப்பது வருடமாகக் கட்டப்படுகின்றன. கையில் காசு வரும்போது வளரும், வராதபோது நிற்கும். பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த முதல் ஓட்டு வீடுதான். அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் ஒரே பெயர்: ரிப்பேர்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரை நகருக்கும் இடையில் விரிவது அதியன்னூர் கிராமப் பஞ்சாயத்து. இதே பெயரில் உள்ள பிளாக் பஞ்சாயத்து விழிஞம் பக்கத்துக் கடற்கரை வரை நீள்கிறது. தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவு முறை, சம்பந்தம், கொத்து வேலை எதுவும் அந்தக் கோட்டில் அறுந்துவிடவில்லை. விளவங்கோட்டுக் கொத்தனார் காலையில் பஸ் ஏறி வந்து இங்கே சுவர் வைக்கிறார், சாயங்காலம் திரும்புகிறார். அவர் கையும் கரண்டியும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சட்டம் வேறு.

வேலை தொடங்கும் முன்பு வீட்டுக்காரர் கேட்கும் கேள்வியும் எங்கும் ஒன்றுதான். "பஞ்சாயத்தில சொல்லணுமா மேஸ்திரி?" பதிலும் மாறுவதில்லை. "எதுக்கு சாரே? ரிப்பேருதானே. ஒண்ணும் வேண்டாம்." மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ரிப்பேருக்கு உண்மையிலேயே ஒன்றும் வேண்டாம். எது ரிப்பேர் என்பதில்தான் அவரும் பஞ்சாயத்துச் செக்ரட்டரியும் ஒத்துப்போவதில்லை.

எங்கே முடிகிறது ரிப்பேர்?

கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் 2019, அந்த ஆண்டு நவம்பர் 8 முதல் நடப்பில் உள்ளன. அனுமதி தேவையில்லாத வேலைகளை அவை பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு வேலை, ஜன்னலோ கதவோ வைப்பது அல்லது எடுப்பது, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கதவு திறப்பது, கட்டமைப்பைத் தொடாமல் தடுப்புச் சுவர் வைப்பது, ஓட்டுக் கூரையின் சில்லறைப் பழுது, உள் அலங்காரம். ஆக, ஓடு மாற்றலாம், ஓட்டைத் தாங்கும் பட்டியலை மாற்றலாம், அடுக்களைக்கு டைல்ஸ் ஒட்டலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தரைப்பரப்பு கூடினால் கேட்க வேண்டும். மாடி ஏறினால், சுமை தாங்கும் சுவரை உடைத்தால், முன்னறையை ஷட்டர் போட்டுக் கடையாக்கினால் கேட்க வேண்டும். ஓட்டை இறக்கிவிட்டு அதே சுவர்மேல் வார்ப்பதும் இந்த வகைதான். பலருக்கு உறைக்காத இடம் இது. "அறை அதே அறை, சுவர் அதே சுவர், கூரையைத்தானே மாற்றுகிறேன்?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். மங்களூர் ஓட்டுக் கூரை, மரச் சட்டத்தோடு சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ. கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,500 கிலோ. பத்து சென்டிமீட்டர் கனத்தில் வார்த்தால் சதுர மீட்டருக்கு 250 கிலோ. நாற்பது சதுர மீட்டர் கூடத்தின் மேல் மூன்று டன்னுக்குக் கீழே இருந்த பாரம் பத்து டன் ஆகிறது. கீழே இருப்பதோ மண் சாந்தில் வைத்த வெட்டுக்கல்லும் கருங்கல் அஸ்திவாரமும். அதை வைத்தவர் நினைத்தது ஓட்டை மட்டும். வரைபடம் போட ஒரு லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் வேண்டும் என்று சட்டம் சொல்வதில் உருப்படியான ஒரு பயன் உண்டென்றால், வேலைக்கு முன்பு அந்தச் சுவரை யாராவது ஒருவர் தட்டிப் பார்க்கிறார் என்பதுதான். வரைபடத்துக்குத் தரும் பணத்தைத் தண்டச் செலவு என்று நினைப்பவர்கள், அந்த இன்ஜினியரை வீட்டுக்குள் வரவழைத்து அஸ்திவாரத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

மட்டுப்பாவின் மேல் போடும் டிரஸ் கூரை இந்த ஊரின் தனி அத்தியாயம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் கொட்டும் தெற்கு முனை இது. துணி உலர்த்தவும் ஒழுக்கை நிறுத்தவும் ஷீட் இல்லாமல் முடியாது. நாலு பக்கமும் திறந்து, தாழ்வாக இருக்கும்வரை சட்டமும் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்க்கிறது. பிரச்சினை அடுத்த வருடம் வருகிறது. ஒரு பக்கம் ஹாலோ பிரிக்ஸ் வைத்து மறைப்பு, இன்னொரு பக்கம் கம்பி வலை, அப்புறம் ஒரு கதவு, ஒரு ஃபேன். மழைக் கூரை மூன்றாவது தளமாகிவிட்டது. யாரும் அப்படித் தீர்மானித்ததில்லை.

வரைபடமே இல்லாத வீடுகள்

ஒரு சங்கதியைச் சொல்லாமல் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேரளத்தின் எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் கட்டட விதிகள் வந்தது 2007-இல்தான். அதுவும் நகராட்சிகளுக்கு 1999-இல் எழுதிய விதிகளையே கிராமத்துக்கும் நீட்டினார்கள். கிராமத்துக்கென்று தனியாக எழுதியது 2011 பிப்ரவரியில். எட்டு வருடம் கழித்து அதையும் மாற்றி 2019 விதிகள். இந்த மூன்றுக்கும் முன்பே கட்டிக் குடியேறிய வீடுதான் இங்கே பாதிப்பேருக்கு மேல் தாய்வீடு. அதற்கு வரைபடம் எங்கே தேடுவது? பஞ்சாயத்தில் இருப்பது வரிப் பதிவேட்டில் ஒரு வரி.

இப்போது மாடி கட்ட விண்ணப்பித்தால் வரைபடத்தில் பழைய வீட்டையும் காட்ட வேண்டும், புதிய பகுதியையும் காட்ட வேண்டும். பழையதை அளந்து வரைந்ததும், பதிவேட்டுப் பரப்பும் தரையில் இருக்கும் பரப்பும் பொருந்தவில்லை என்பது தெரிகிறது. இடையில் வந்த சிட் அவுட், இடையில் வந்த குளியலறை எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நிற்கின்றன. புதிய மாடிக்கு அனுமதி கேட்கப் போனவர் பதினைந்து வருடத்துக்கு முந்தைய சிட் அவுட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சாலையோரமாக இருந்தால் இன்னும் சிக்கல். கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டம், 1994, பிரிவு 220, நெடுஞ்சாலைகள், மாவட்டச் சாலைகள், பஞ்சாயத்து அறிவித்த மற்ற சாலைகள் இவற்றின் எல்லையிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டக் கூடாது என்கிறது. முன்பு சாலை ஒடுங்கலாக இருந்தது. வீடு தள்ளி இருந்தது. சாலை அகன்று அகன்று வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கரமனை–களியக்காவிளைச் சாலையை அகலப்படுத்தும் வேலை வருடக்கணக்காகக் கட்டம் கட்டமாக நகர்வதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முன்பக்கம் வெட்டுப்பட்ட வீட்டைச் சரிசெய்வது ரிப்பேரா, புதுக் கட்டுமானமா? நிலத்தை இலவசமாக விட்டுக்கொடுத்தவர்களுக்கு விதிகளில் தனிச் சலுகை உண்டு. இழப்பீடு வாங்கியவர்களுக்கு அது இல்லை. கடன் வாங்கி முன்சுவர் எழுப்புவதற்கு முன்பு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நிலம் என்று எழுதியிருந்தால்

இந்த வட்டாரத்தில் கட்டட அனுமதி பஞ்சாயத்து அலுவலகத்தில் தொடங்குவதில்லை. வில்லேஜ் ஆபீசில் தொடங்குகிறது. ஆதாரம் என்கிற சொத்துப் பத்திரம், கரம் தீர்த்த ரசீது, கைவசச் சான்று இவையெல்லாம் கையில் வேண்டும். அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்குப் போக்குவரவு நடக்காத சொத்துகள் ஏராளம். ஐந்து பிள்ளைகளில் ஒருவர் துபாயில், ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் இறந்துபோனார். வீட்டில் இருப்பவர் மாடி கட்ட வேண்டுமென்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன குடும்பங்களில் மாடிக்கனவு இந்த இடத்திலேயே நின்றுவிடும். பாகப் பிரிவினையைப் பத்து வருடம் தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு செக்ரட்டரியைத் திட்டுவார்கள்.

அதைவிடப் பெரிய கண்ணி, கிராமப் பதிவேட்டில் உங்கள் இடம் புரயிடம் என்று இருக்கிறதா, நிலம் என்று இருக்கிறதா என்பது. கேரளத்தில் நிலம் என்றால் வயல். நெய்யாறு வாய்க்கால் பாய்ந்த பள்ளங்களில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வாழையும் மரச்சீனியும் ஏறின, பிறகு தென்னை, பிறகு வீடு. மண் காய்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. காகிதத்தில் மட்டும் இன்னும் நாற்று நட்டிருக்கிறது. 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுத்தது. நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்; அது இல்லையென்றால் மிச்சமிருக்கும் வயலும் லாரி மண்ணின் அடியில் போயிருக்கும். ஆனால் அதன் பிடியில் வயலை மூடிய தரகரும் மாட்டுகிறார், தாத்தா கட்டிய வீட்டில் ஒரு அறை கூட்ட நினைப்பவரும் மாட்டுகிறார்.

உங்கள் சர்வே எண், அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்கில் இருந்தால் முதலில் அதிலிருந்து நீக்கக் கேட்டு ஐந்தாம் படிவம். டேட்டா பேங்கில் இல்லாமல் பதிவேட்டில் மட்டும் நிலம் என்று இருந்தால் தன்மை மாற்றக் கேட்டு ஆறாம் படிவம். 2018-இல் திருத்தம் வந்து இந்த வழி திறந்தது. 2021 முதல் 25 சென்ட் வரை உள்ள சின்ன இடங்களுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். கட்டணம் போனதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் விண்ணப்பம் மலை மாதிரி குவிந்தது. சமாளிக்க முடியாமல் துணை ஆட்சியர்களுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். இலவசம் என்பதால் வேகம் கூடவில்லை. மாடிக்கு இரும்பு விலை கேட்கும் முன்பு, வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பார்த்து அந்த ஒரு சொல்லை உறுதிப்படுத்திக்கொள்வது ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும்.

கடற்கரையை ஒட்டிய கருங்குளம், கோட்டுகால் பக்கத்தவர்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு: கடலோர ஒழுங்குமுறை மண்டலம். எர்ணாகுளத்தை அடுத்த மரடில் 2006-இல் பஞ்சாயத்தே அனுமதி கொடுத்த அடுக்குமாடிகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வெடி வைத்துத் தகர்த்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பஞ்சாயத்து முத்திரை கடைசி வார்த்தை அல்ல என்று கடற்கரைக்காரர்களுக்கு அதன் பிறகு சொல்லித்தர வேண்டியதில்லை.

லட்சம் வீட்டின் நடுச்சுவர்

மூன்று சென்ட்டில் வாழ்பவர்களின் கதை தனி. அச்சுத மேனன் அமைச்சரவையில் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதித் துறையைக் கவனித்தபோது, 1972-இல், லட்சம் வீடு திட்டம் வந்தது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நூறு வீடு, மாநிலம் முழுக்க ஒரு லட்சம் என்பது கணக்கு. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. செலவைக் குறைக்க இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர் வைத்து இரட்டை வீடாகக் கட்டினார்கள்.

ஐம்பது வருடம் கழித்து அந்த நடுச்சுவர்தான் வம்பு. இடது பக்கத்துக்காரருக்கு அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் நான்கு லட்சம் ரூபாய் கிடைக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். இடித்தால் வலது பக்கத்து வீட்டின் கூரை நிற்காது. வலது பக்கத்துக்காரருக்குத் திட்டமும் இல்லை, காசும் இல்லை. இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்க அரசே தனித் திட்டம் வைத்து உள்ளாட்சிகள் வழியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே சிக்கல் எவ்வளவு பரவலானது என்று புரிந்துகொள்ளலாம். மாற்றிக் கட்டும் அனுமதியில் அண்டை வீட்டாரின் சம்மதம் எவ்வளவு பெரியது என்பதைக் காலனிக்காரர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூன்று சென்ட் என்றால் 121 சதுர மீட்டர். விதிகளில் 125 சதுர மீட்டர் வரையுள்ள சின்ன மனைகளுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. நாலு பக்கமும் விட வேண்டிய இடம் குறைவு. பக்கத்துக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒரு பக்கம் எல்லையை ஒட்டியும் கட்டலாம். இந்தச் சலுகைகளைச் சொல்லித் தர வேண்டியவர்கள் சொல்வதில்லை. "மூணு சென்டில மாடியா? கிடைக்காது" என்று ஒருவர் சொன்னதை நம்பி, கேட்காமலேயே கட்டியவர்கள் உண்டு. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இடமே தன் பெயரில் இல்லாதவர்களுக்கு இந்த விதிகள் எதுவும் பயன்படாது. 2020 டிசம்பரில் அதியன்னூரை உலுக்கிய சம்பவத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. மூன்று சென்ட் இடத் தகராறில் வெளியேற்ற உத்தரவோடு ஆட்கள் வந்தபோது, ஒரு காலனி வீட்டின் முன்னால் கணவனும் மனைவியும் தீப்பற்றி, சில நாளில் மருத்துவமனையில் இறந்தார்கள். இரண்டு மகன்கள் மிஞ்சினார்கள். அது கட்டட அனுமதி வழக்கு அல்ல. நிலம் யாருடையது என்ற வழக்கு. ஆனால் இந்த ஊரில் ஒருவர் வீட்டைக் கூட்டிக் கட்டுவதைப் பற்றி எழுதிவிட்டு அதைக் குறிப்பிடாமல் போக முடியாது. செங்கல் அடுக்குவதற்கு முன்பு காலடி மண்ணின் காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பது இங்கே வெறும் அலுவலக நிபந்தனை இல்லை.

ஐந்நூற்றைம்பத்தைந்து ரூபாய்

2023 ஏப்ரல் 9 வரை கிராமப் பஞ்சாயத்தில் 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,614 சதுர அடி வீட்டுக்கு விண்ணப்பக் கட்டணமும் சேர்த்து ஆன செலவு 555 ரூபாய். மறுநாள் காலையில் அது 8,500 ரூபாய். இதுபோல ஒரு தாவலை இந்த மாநிலத்தில் வேறெந்தக் கட்டணத்திலும் நான் பார்த்ததில்லை. 80 சதுர மீட்டர் வரை உள்ள வீடுகளை விட்டுவைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் தாய்வீட்டில் ஒரு மாடி சேர்க்கும் சாதாரணக் குடும்பம் 80-இல் நிற்பதில்லை.

கூச்சல் எழுந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் குறைத்தார்கள். கிராமப் பஞ்சாயத்தில் 81 முதல் 150 சதுர மீட்டர் வரை சதுர மீட்டருக்கு 50 ரூபாய் என்றிருந்தது 25 ஆனது. 151 முதல் 300 வரை 100 ரூபாய் 50 ஆனது. அதற்கு மேல் 150 ரூபாய் 100 ஆனது. நெய்யாற்றின்கரை நகராட்சி எல்லைக்குள் இருந்தால் இவை 35, 60, 140. இடைப்பட்ட ஏறக்குறைய பதினாறு மாதத்தில் கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார்கள். ஒரே தெருவில் வலது பக்கம் பஞ்சாயத்து, இடது பக்கம் நகராட்சி என்று இருக்கும் இடங்களில் இந்த வித்தியாசத்தை வைத்து நடக்கும் டீக்கடை வாதம் தனி ரகம்.

பஞ்சாயத்துக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை என்பதைப் பலர் கடைசியில்தான் அறிகிறார்கள். 1975-ஆம் வருடத்துக் கட்டட வரிச் சட்டப்படி வருவாய்த் துறைக்கு ஒற்றைத் தவணை வரி உண்டு. நூறு சதுர மீட்டரைத் தாண்டிய வீடுகளுக்கு. கூட்டிக் கட்டுபவர்களை இது நேராகத் தொடும். முன்பு 95 சதுர மீட்டராக இருந்து வரியே கட்டாத வீடு, மாடி சேர்ந்து 160 ஆனால், புதிய பகுதிக்கு மட்டும் வரி போட மாட்டார்கள். மொத்தப் பரப்புக்குக் கணக்கிட்டு, ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் அதைக் கழிப்பார்கள். மொத்தம் 278.7 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் ஆடம்பர வரி வேறு. மூன்று மகன்களுக்கு மூன்று அறை என்று கூட்டிக்கொண்டே போய், எந்த ஆடம்பரமும் இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டிய வீடுகள் உண்டு.

அனுமதி இல்லாமலே கட்டினால்? பஞ்சாயத்து உடனே இடிக்க வருவதில்லை. அங்கீகாரமற்றது என்பதைக் குறிக்கும் யு.ஏ. என்ற எழுத்தோடு ஒரு நம்பர் போடும். வரி மூன்று மடங்கு. அந்த நம்பரிலேயே வருடக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வரிதானே, கட்டிவிட்டுப் போகிறேன் என்பார்கள். கடன் கேட்டோ விற்கவோ போகும் நாளில்தான் அந்த இரண்டு எழுத்தின் கனம் தெரியும். 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில், நிறைவுச் சான்றையும் குடியிருப்புச் சான்றையும் சரிபார்த்த பின்பே வங்கிகள் கட்டடத்தின் பேரில் கடன் தர வேண்டும் என்று சொன்னதற்குப் பிறகு அந்தக் கனம் கூடிவிட்டது. 2019 நவம்பர் 7-க்கு முன்பு கட்டியவற்றை முறைப்படுத்த 2024-இல் கேரளம் தனி விதிகளைக் கொண்டுவந்தது. தண்டத் தொகை கட்டி உள்ளே வரலாம். அதற்குப் பின்பு கட்டியவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

இரண்டு பக்கத்துச் சட்டம்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சானுக்கு என்ன நிலை? தமிழ்நாட்டில் 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ என்றால் இணையத்தில் பதிந்து உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். "எங்களுக்கு அன்னைக்கே கிடைச்சிட்டு" என்று சம்பந்தி வீட்டில் பெருமை பேசுவது அதனால்தான்.

கேரளத்திலும் இது இல்லாமல் இல்லை. 300 சதுர மீட்டருக்குள், இரண்டு தளத்துக்கு மேற்படாத வீடு, இடத்தில் வில்லங்கம் இல்லை என்றால், உரிமையாளரும் லைசென்ஸ் பெற்ற இன்ஜினியரும் விதிப்படிதான் கட்டுகிறோம் என்று சான்று தந்தால் போதும். ஐந்து நாளுக்குள் ரசீது வரும், அதுவே அனுமதி. சங்கேதம், ஐ.எல்.ஜி.எம்.எஸ். என்று மாறி மாறி வந்த மென்பொருள்களுக்குப் பிறகு 2024 புத்தாண்டில் நகராட்சிகளில் கே-ஸ்மார்ட் தொடங்கியது. 2025 ஏப்ரல் 10-இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. வரைபடத்தைக் கணினியே விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இப்போது விண்ணப்பித்தவர் அலுவலக வராந்தாவில் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. முன்பு இடத்தைப் பார்க்க ஓவர்சியர் வருவார். தாமதம், சில இடங்களில் கை நீட்டல், எல்லாம் இருந்தது. இருந்தும் ஒருவர் வந்து பார்த்தார். சுயசான்றில் தவறு நடந்தால் உரிமையாளரும் கையெழுத்திட்ட இன்ஜினியரும் பதில் சொல்ல வேண்டும். காலி மனையில் புது வீடு என்றால் இது நல்ல ஏற்பாடு. பழைய ஓட்டு வீட்டின் மேல் மாடி என்றால், அடியில் என்ன இருக்கிறது என்பது எந்தக் கணினிக்கும் தெரியாது. திரையில் பழைய சுவர் ஒரு கோடு மட்டுமே. வீட்டைப் பார்க்காமலே வரைபடம் போட்டு, ஃபோனிலேயே கையெழுத்து வரை முடித்துத் தருபவர்கள் விலை குறைவாகக் கேட்பார்கள். அவர்களிடம் போனவர் கையெழுத்திடுவது தன் தலைமேல்தான்.

மொழி ஒரு தனித் தொல்லை. வீட்டில் தமிழ் பேசி, மலையாளப் பள்ளியில் படித்த தலைமுறைக்குப் படிவம் பிரச்சினை இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்து, கணவர் வெளிநாட்டில் இருக்க, வேலையைத் தானே நின்று நடத்தும் பெண்களுக்குத்தான் கஷ்டம். அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்களும் கன்னடர்களும் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களோடு எழுதிக்கொள்ள கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, இடம் தருகிறது. குறைகளை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எழுதித் தர அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு வழி விடுகிறது. நடைமுறையில் அக்ஷயா இணையச் சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர்.

கிணறும் குளியலறையும்

கூட்டிக் கட்டுவதில் அதிகம் நடப்பது மாடி அல்ல, குளியலறை. அப்பா அம்மாவுக்கு வயதாகும்போது படுக்கையறையோடு ஒட்டி ஒன்று தேவைப்படுகிறது. சின்ன வேலை, நான்கு நாளில் முடிந்துவிடும் என்று தோன்றும். அதற்கென்று தோண்டும் கழிவுநீர்க் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மனை எல்லையிலிருந்து 1.2 மீட்டர். வீட்டுக்கொரு கிணறு இருக்கும் ஊரில் இது உங்கள் கிணற்றை மட்டும் வைத்து முடியும் கணக்கல்ல. பக்கத்து வீட்டுக் கிணறு எல்லையோரமாக இருந்தால் உங்கள் குழிக்கு இடமே இல்லாமல் போகலாம். கட்டட விதிகளில் மற்றதையெல்லாம் பேரம் பேசிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள்கூட இதை மட்டும் அளந்து தோண்டுவது நல்லது. பஞ்சாயத்துக்கு வரும் அண்டை வீட்டுப் புகார்களில் கழிவுக் குழியும் கூரைத் தண்ணீரும் முன்னால் நிற்பவை. ஒரு புகார் வந்தால் அதிகாரி குழியை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். மேலே இருக்கும் மாடியையும் அளப்பார்.

செக்ரட்டரி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த உத்தரவின் மேல் திருவனந்தபுரத்தில் உள்ள உள்ளாட்சி நிறுவனங்களுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முறைகேடு என்றால் ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். வாய்ச்சொல் மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

விழிஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு, கோட்டுகாலிலிருந்து நெல்லிமூடு வரை மாடியை வாடகைக்கு விடும் யோசனை பலருக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கேரள விதிகளில் அனுமதி ஐந்து வருடத்துக்குச் செல்லும், நீட்டிக்கவும் வழி உண்டு. கட்டி முடித்த பகுதிக்கு மட்டும் குடியிருப்புச் சான்று வாங்கிக் குடியேறவும் விதியில் இடம் இருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் காசு ஒரு அறைக்குத்தான் என்றாலும், வரைபடத்தில் மாடி முழுவதையும், படிக்கட்டையும், மேலே போடப்போகும் கூரையையும் இப்போதே காட்டி அனுமதி வாங்கிவிடலாம். பிறகு சீட்டுப் பணம் விழும்போது ஒரு சுவர், கல்ஃபிலிருந்து டிராஃப்ட் வரும்போது ஒரு வார்ப்பு என்று கட்டிக்கொண்டே போகலாம். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் வேலை தீரவில்லை என்றால், தேதி கடப்பதற்கு முன்பே நீட்டிப்புக்கு எழுதிப் போட வேண்டும். கடந்த பிறகு எழுதினால் அதற்குத் தனிக் கட்டணமும் தனி விளக்கமும் தயாராக வைத்திருங்கள்.